சுவரேறிய உண்ணி

சீனாச் சண்டை முடிந்த அடுத்த வருடம் என் கணவருக்குச் சிதம்பரத்துக்கு மாற்றலாயிற்று. ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க் வேலை. அதுவரை கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், என் அம்மா வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தோம். மகள் கைக்குழந்தைப் பருவம் தாண்டியிருந்தாள். ஊர்விட்டு ஊர் போகும் இடத்தில் நல்ல பால் கிடைக்காது என்று அம்மா தன் கறவை மாட்டைக் கன்றுக்குட்டியோடு லாரியில் ஏற்றி எங்களோடு அனுப்பிவிட்டாள்.

மாட்டோடு வருகிறவர்களுக்கு யார் வீடு கொடுப்பார்கள்? அலைந்து திரிந்து கடைசியில் ஸ்டேஷனுக்கும் கீழ வீதிக்கும் நடுவில் ஒரு வீட்டின் பின்கட்டு கிடைத்தது. முன்கட்டில் வீட்டுக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவர் தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். காலையும் மாலையும் தோட்டத்திலேயே நிற்பார். கனகாம்பரம், குரோட்டன்ஸ், பவழமல்லி, பின்பக்கம் ஒரு கொய்யா மரம், அதைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் புல். மாட்டைக் கட்ட அவர் சம்மதித்ததே சாணிக்காகத்தான். அதை மறைக்கவும் இல்லை. "சாணி மொத்தமும் என் செடிக்கு வந்துடணும். காலையில ஒரு படி பாலு எனக்கு ஊத்திடணும்" என்றார். சரி என்றோம்.

அவரிடம் ஒரு வெள்ளை நாய் இருந்தது. ராணுவத்தில் இருந்த மகன் லீவில் வந்தபோது குட்டியாகக் கொண்டுவந்து விட்டுப் போனானாம். மகனைப் பிரிந்த ஏக்கமோ என்னவோ, அந்த நாயை அவர் ஒரு சொல் சொல்லமாட்டார். அவர் கட்டிலுக்கு அடியில்தான் படுக்கும். பகலில் பின்பக்கம் வந்து என் வைக்கோல் போரில் படுத்துக்கொண்டு பின்னங்காலால் காதைச் சொறியும். எழுந்து தூணில் உடம்பைத் தேய்க்கும். மறுபடியும் சொறியும். நாய் என்றால் அப்படித்தான் என்று நான் முதலில் கண்டுகொள்ளவில்லை.

மறுநாள் மாதா கோயில் பூசைக்குப் போக வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை மகளுக்குத் தலைக்கு ஊற்றினேன். காதுக்குப் பின்னால் என் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. மரு என்று நினைத்தேன். முடியை விலக்கிப் பார்த்தால் துவரம்பருப்பு அளவுக்கு, ஈய நிறத்தில், பளபளவென்று ஓர் உண்ணி. அருவருப்பில் யோசிக்காமல் பிடித்து இழுத்தேன். உடம்பு கையோடு வந்தது. தலை உள்ளேயே தங்கிவிட்டது. இரண்டு நாளில் அந்த இடம் நெல்லிக்காய் அளவு வீங்கி, குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. டாக்டர் இடுக்கியால் தோண்டி எடுத்தபோது அவள் அலறியது தெருவுக்கே கேட்டிருக்கும். அவளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்தான்.

வீட்டுக்கு வந்து அவளைப் படுக்கவைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தேன். பழைய காரைச் சுவர், மூலைக்கு மூலை வெடிப்பு. அந்த வெடிப்புகளின் ஓரமாக அரக்கு நிறத்தில் சின்னச் சின்னதாக உண்ணிகள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. அவசரமே இல்லாமல், வரிசையும் இல்லாமல். உத்தரத்துக்கும் சுவருக்கும் இடையில் இருந்த சந்தில் துடைப்பக் குச்சியை விட்டுக் கிளறினேன். பொலபொலவென்று தரையில் கொட்டின. அந்த உத்தரத்துக்கு நேர் கீழேதான் நாங்கள் பாய் விரித்துப் படுத்திருந்தோம்.

நேரே முன்கட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நாய் அவர் காலடியில் கிடந்தது.

"ஐயா, நாய்க்கு உண்ணி ஜாஸ்தியா இருக்குதுங்க. எங்க பக்கம் செவுத்துல எல்லாம் ஏறுது. பாப்பாவக் கடிச்சி ஜொரம் வந்துடுச்சி."

அவர் பேப்பரைத் தாழ்த்தவில்லை. "நாயி எத்தினியோ வருஷமா இங்க இருக்குது. அப்பல்லாம் உண்ணி இல்ல. இப்ப புதுசா என்னா வந்துச்சி? உன் மாடுதான் வந்துச்சி."

"மாட்டு மேல இருக்கறது இது இல்லீங்க. அது செவுத்துல ஏறாது."

"நீ மாட்டு டாக்டருக்குப் படிச்சியா?"

நான் படிக்கவில்லை. ஆனால் என் மாட்டின் மடியிலும் வால் அடியிலும் இருந்த உண்ணிகளை வாரம் ஒரு தடவை நானே எடுத்து மண்ணெண்ணெயில் போடுகிறவள். சின்ன வயதிலிருந்து அம்மா வீட்டில் செய்த வேலை அது. மாட்டு உண்ணி புல்லில் இருந்து மாட்டின் மேல் ஏறும். தின்று கொழுத்ததும் மறுபடி புல்லில் விழும். சுவர் ஏறி உத்தரத்துக்குப் போனதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. இதைச் சொன்னேன். அவர் பக்கத்தைத் திருப்பினார்.

அன்றிலிருந்து சண்டை. அவர் பக்கவாட்டுக் கேட்டைப் பூட்டிவிட்டார். மாட்டைத் தண்ணீருக்கு வெளியே ஓட்டிப் போக வழியில்லை. கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சேந்தி ஊற்றினேன். அவருக்கு ஊற்றிய பாலை நிறுத்தினேன். வைக்கோல் போரை எடு என்றார், எடுக்க மாட்டேன் என்றேன். தினமும் காலையில் சுவரில் இருந்த உண்ணிகளை ஊக்கால் குத்தி எடுத்து, மண்ணெண்ணெய் ஊற்றிய கொட்டாங்கச்சியில் சேர்த்து, அவர் குளிக்க வரும் நேரத்தில் கிணற்றுக் கைப்பிடிச் சுவரின் மேல் அவர் கண்ணில் படும்படி வைத்தேன். எல்லாம் நாயினுடையது என்று அவருக்குத் தெரியட்டும் என்று வைத்ததுதான். அவர் அதைத் தூக்கி என் துவைக்கிற கல்லின் மேல் ஊற்றிவிட்டுப் போனார். மறுநாளும் வைத்தேன். மறுநாளும் ஊற்றினார்.

என் கணவர் சாந்தமான மனிதர். அந்தச் சமயத்தில் அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. "ஊட்டுக்காரர்கிட்ட வச்சிக்காத. வேற ஊடு எங்க போயித் தேடறது?" என்றார்.

"தேடுங்க" என்றேன்.

தேடுவதாகச் சொன்னார்.

அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து நாங்கள் மூன்று பேரும் நடந்து வந்தோம். தெருமுனையிலேயே ஒரு நெடி மூக்கில் அடித்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தால் புல் முழுக்க வெள்ளைப் பொடி. வேலி ஓரம், வைக்கோல் போரின் அடி, மாடு கட்டும் கொட்டகையின் கால், கன்று கட்டியிருந்த முளை, எல்லா இடத்திலும் கோலமாவு கொட்டியது போலக் கிடந்தது. மாவு இல்லை, பூச்சி மருந்து. கன்றுக்குட்டியின் முதுகிலும் கழுத்திலும்கூடத் தூவியிருந்தது. அது தன் உடம்பைத் தானே நக்கியிருக்கிறது. நாங்கள் போனபோது தரையில் விழுந்து நான்கு கால்களையும் உதைத்துக்கொண்டிருந்தது. வாயில் நுரை. கண் மேலே செருகியிருந்தது. மாடு கயிற்றை இழுத்து இழுத்துக் கத்திக்கொண்டிருந்தது.

கணவர் போட்ட சட்டையோடு மாட்டு டாக்டரைக் கூட்டிவர ஓடினார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அவரை வீட்டில் தேடிப் பிடித்துக் கொண்டுவருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. நான் கன்றின் மேல் தண்ணீரை ஊற்றித் துடைத்தபடியே இருந்தேன். டாக்டர் வந்து குனிந்து முகர்ந்து பார்த்தார். "மருந்த நக்கியிருக்குதும்மா. இதுக்கு மேல ஒண்ணும் செய்யறதுக்கில்ல" என்றார். அவர் சைக்கிளில் ஏறுவதற்குள் கன்று செத்துவிட்டது.

நான் முன்கட்டுக்குப் போகவில்லை. அவரே பின்பக்கம் வந்தார். செத்த கன்றைப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"கன்னு மேல ஏங்க போட்டீங்க?" என்று கேட்டேன்.

"உண்ணி உண்ணின்னு நீதான தெனைக்கும் கொட்டாங்கச்சி வெச்ச. என் தோட்டத்துல நான் மருந்து போட்டேன். உன் கன்னு நக்காமப் பாத்துக்க வேண்டியது நீ."

"நாய் மேல போட்டீங்களா?"

நாயின் மேல் ஒரு சிட்டிகைகூடப் போடவில்லை. மருந்து போடும் நேரத்தில் அதைக் கட்டிலின் காலில் கட்டிவைத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. என் கையில் கன்றைத் துடைத்த ஈரத்துணி இருந்தது. அதை அவர் முகத்தில் வீசி எறிந்திருப்பேன். கணவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

கன்று போனபின் மாடு பால் விடவில்லை. பகல் முழுக்கக் கன்று கிடந்த இடத்தை முகர்ந்து கத்தியது. தின்னவும் இல்லை. அந்த வாரமே சொல்லியனுப்பினேன். அம்மா ஆள் அனுப்பி மாட்டைக் கடலூருக்கே ஓட்டிக்கொண்டு போகச் செய்தாள். வைக்கோலையும் கொடுத்துவிட்டேன். கொட்டகை வெறுமையாயிற்று. இனி உண்ணி யாருடையது என்று பார்க்கலாம் என்று நினைத்தேன்.

கோடை வந்தது. உண்ணி ஒன்றுக்குப் பத்தாயிற்று. கதவிடுக்கு, பாய்ச்சுருள், புகைப்படச் சட்டத்தின் பின்புறம், மகளின் கவுன் மடிப்பு, எங்கே கைவைத்தாலும் உண்ணி. காலையில் பாயை உதறாமல் சுருட்டுவதில்லை. குழந்தையைத் தரையில் விடுவதில்லை. சாயங்காலம் விளக்கைச் சுவரருகே பிடித்துக்கொண்டு வெடிப்பு வெடிப்பாகப் பார்ப்பேன். ஊக்கால் குத்தினால் 'பட்'டென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்பதில் எனக்கு ஒரு திருப்தி வந்துவிட்டது.

ஒருநாள் வீட்டுக்காரரைக் கிணற்றடியில் நிறுத்தினேன். "இப்பதான் மாடு இல்லியே. இதெல்லாம் எங்கேருந்து வருது?"

"அது போட்டுட்டுப் போன முட்டைதான்" என்றார். சொல்லிவிட்டு நிதானமாக வாய் கொப்பளித்தார்.

அவர் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெலிந்த அம்மாள். அதிகம் பேசமாட்டார். எங்கள் சண்டை நடக்கும்போதெல்லாம் உள்ளே பாத்திரம் உருட்டும் சத்தம் மட்டும் கேட்கும். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். கன்று செத்தபிறகு அதையும் நிறுத்திவிட்டேன். ஒரு காலை அவர் என் வாசற்படியில் வந்து நின்றார்.

"நாயி எந்திரிக்க மாட்டுதும்மா. மூணு வேளையா சோறு தொடல. டாக்டரு வந்து பாத்தாரு. உண்ணியால ரத்தமெல்லாம் கொறஞ்சி பூட்டுதாம். மேல இருக்கறத எல்லாம் கையால எடுக்கணும்னாரு. எனக்கு அத எப்படி எடுக்கறதுன்னு தெரியல. நீ மாட்டுக்கு எடுப்பியே."

"ஐயாவ எடுக்கச் சொல்லுங்க."

"அவரு கிட்ட போயிட்டு ரெண்டு எடுத்தாரு. அப்பறம் உள்ள போயி படுத்துக்கிட்டாரு."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் வேறு கணக்கு மனதில் ஓடியது. அந்த நாயின் மேல் இருப்பதெல்லாம் நாளைக்குக் கீழே விழுந்து என் சுவருக்குத்தான் வரப்போகிறது. என் மகள் மேல்தான் ஏறப்போகிறது. "கொண்டாங்க" என்றேன்.

நாயைச் சாக்கில் போட்டு இழுத்து வந்து கொய்யா மரத்தடியில் கிடத்தினோம். கன்று செத்ததும் அதே இடத்தில்தான். வாயைத் திறந்து பார்த்தேன். ஈறு சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. காதைப் புரட்டினேன். உள்பக்கம் தோலே தெரியவில்லை, திராட்சைக் கொத்துபோல அடை அடையாக உண்ணி. விரலிடுக்குகளில், கழுத்துப்பட்டைக்கு அடியில், கண் இமையின் ஓரத்தில். வேப்பெண்ணெயைத் தடவி அவை கொஞ்சம் தளர்ந்தபின், தோலை ஒட்டினாற்போலப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்தேன். மகளிடம் செய்த தவறை மறுபடி செய்யவில்லை. அந்த அம்மாளும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு எடுத்தார். டப்பாவில் இருந்த மண்ணெண்ணெயில் போட்டோம். மண்ணெண்ணெய் நாயின் மேல் ஒரு சொட்டும் படவில்லை. இரக்கம் வந்ததா என்று கேட்டால் வரவில்லை. கைக்கு வேலை இருந்தது, செய்தேன். ஒரு தடவை அது தலையைத் தூக்கி என் முழங்கையை நக்க வந்தபோது கையை இழுத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரர் பின்வாசல் படியில் வந்து நின்றார்.

அவர் மனைவி நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "செவுத்துல இருக்கறதெல்லாம் நாயி உண்ணிதானாம். மாட்டு உண்ணி செவுத்துல ஏறாதாம். டாக்டரு உங்ககிட்டயும் சொன்னாரு இல்ல?"

அவர் உள்ளே போய்விட்டார். அந்த வீட்டில் நான் கேட்ட ஒரே நியாயமான வார்த்தை அந்த அம்மாள் சொன்னதுதான்.

நாய் பிழைக்கவில்லை. இரண்டொரு நாள் கஞ்சி குடித்தது, எழுந்து நிற்கப் பார்த்தது, பிறகு செத்துவிட்டது. அவர் தோட்டத்திலேயே குழி வெட்டிப் புதைத்தார். குழியை மூடிவிட்டு மண்வெட்டியும் கையுமாக வெகுநேரம் அங்கேயே நின்றார். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

அந்த வார முடிவில் தயிர்க்காரம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "ஏம்மா, நாய்க்கு மண்ணெண்ண தடவிட்டியாமே? கன்னுக்குட்டிக்குப் பழிவாங்கிட்டன்னு முன்கட்டு ஐயா தெரு முச்சூடும் சொல்லிக்கிட்டு இருக்காரு."

வீட்டுக்காரர் மனைவி கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். நேரே போய் நின்றேன்.

"நீங்க கூடவே இருந்தீங்க இல்ல? ஒரு சொட்டு மண்ணெண்ண அது மேல பட்டுச்சா?"

"படல."

"அப்ப சொல்லுங்க."

"சொன்னேம்மா. அவரு காதுல ஏறல."

"அவருகிட்ட வாண்டாம். தெருவுல சொல்லுங்க. எல்லாரும் என்னக் கொலகாரியப் பாக்கற மாதிரி பாக்கறாங்க."

அவர் சாம்பல் கையோடு என்னைப் பார்த்தார். "தெருவுல போயி எம் புருஷன் பொய் சொல்றாருன்னு சொல்லச் சொல்றியா? நீ இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு மாத்தலாயிப் பூடுவ. நான் எங்க போவேன்?"

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை. சொல்லப்போனால் வீட்டுக்காரரைவிட அந்த அம்மாளிடம்தான் எனக்கு ஆத்திரம் அதிகமாயிற்று. அவர் கூப்பிட்டுத்தானே போனேன்? அதன்பின் நாங்கள் கிணற்றடியில் எதிரெதிரே நின்று தண்ணீர் சேந்தினாலும் பேசியதில்லை.

நாய் போனபின் உண்ணி ஒழிந்துவிடும் என்று வீட்டுக்காரர் நினைத்திருக்க வேண்டும். நானும் நினைத்தேன். நடந்தது வேறு. குடிக்க ரத்தம் இல்லாமல் பட்டினி கிடந்தவை மனிதரைத் தேடி வந்தன. அவருடைய கட்டிலில் ஏறின. பனியன் பட்டைக்குள் கையை விட்டுச் சொறிந்தபடி அவர் தோட்டத்தில் நடப்பதைப் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. கொத்தனாரை வரவழைத்து முன்கட்டு முழுக்க வெடிப்பை அடைத்துச் சுண்ணாம்பு அடித்தார்.

"பின்கட்டுக்கும் சேத்து அடிச்சிடலாங்களா? ஒரே செவுருதானே" என்று கொத்தனார் கேட்டது என் காதில் விழுந்தது.

"அது அவுங்க பாடு."

முன்பக்கம் அடைத்ததும் மிச்சம் இருந்தவை எங்கள் பக்கம் வந்தன. அப்போதுதான் என் கணவருக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. கத்தவில்லை. லீவு போட்டார். கடைத்தெருவுக்குப் போய்ச் சுண்ணாம்பு வாங்கிவந்து தொட்டியில் தண்ணீர் விட்டு நீற்றினார். சாமான்களை எல்லாம் வெளியே போட்டு, நான் அண்டாவில் தண்ணீர் கொதிக்கவைத்து வெடிப்பு வெடிப்பாக ஊற்ற, அவர் பின்னாலேயே மண்ணும் சுண்ணாம்பும் குழைத்து அடைத்துக்கொண்டு வந்தார். கை வெந்து கொப்பளித்தது. புல்லை வேரோடு செத்திக் கொளுத்தினோம். அது வீட்டுக்காரர் தோட்டத்துப் புல். ஜன்னல் வழியாகப் பார்த்தார், தடுக்க வரவில்லை. அதன்பின் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான் கண்ணில் பட்டது. தெருவில் அவர், "என் மருந்து இப்பதான் வேல செய்யுது" என்று சொன்னாராம். இதையும் தயிர்க்காரம்மாதான் சொன்னாள்.

மாற்றல் கேட்டுக் கேட்டு அடுத்த கோடைக்குள் மறுபடி கடலூரே கிடைத்தது. சாமான் வண்டி வாசலில் நின்றபோது வீட்டுக்காரர் பூட்டும் சாவியுமாக வந்து பின்கட்டைச் சுற்றிப் பார்த்தார். நாங்கள் அடைத்து வெள்ளையடித்த சுவரைத் தடவினார். "ஆணி அடிச்ச எடத்த எல்லாம் அடைச்சிட்டுப் போங்க" என்றார். என் கணவர் அடைக்கப் போனார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து வண்டியில் ஏறச் சொன்னேன். முன்கட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. அந்த அம்மாள் வெளியே வரவில்லை. நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

கடலூரில் முதலில் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீடு பார்த்தோம். பெரிய வீடு, நல்ல காற்று, பின்னால் மாமரம். வாடகையும் தோதாக இருந்தது. கணவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டுக்காரர் இளைஞர், மரியாதையாகப் பேசினார்.

"நாய் வளக்கறீங்களா?" என்று கேட்டேன்.

"இப்ப இல்லீங்கக்கா. இருந்துச்சி. போன மாசந்தான் செத்துப் பூட்டுது."

நான் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கணவர் அந்தப் பையனிடம் ஏதோ சமாதானம் சொல்லிவிட்டுப் பின்னால் வந்தார். ஓ.டி.யில் துறைமுகத்துப் பக்கம் ஒரு வீட்டை எடுத்தோம். முற்றம் முழுக்க மணல், ஒரு செடி கிடையாது, நாள் பூராவும் கருவாட்டு வாடை. அம்மா வந்து பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டாள். அந்த வீட்டில் ஒன்பது வருடம் இருந்தோம்.